ஐம்பதில் வேலையை விடலாமா? பினாங்குச் சம்பளக்காரருக்கான சேமநிதி வழிகாட்டி

மலேசியாவில் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 2013 ஜூலை 1 முதல் இது சட்டம். அதற்கு முன்னால் நீங்களாக விலகினால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் சேர்த்த பணத்தின் பெரும்பகுதி வயதுப் பூட்டுக்குள் இருக்கிறது. ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் கட்டும் ஊழியர் சேமநிதியில் ஐந்து லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வைத்திருந்தும் 47 வயதில் வீட்டுச் செலவுக்கு வழியில்லாமல் போகலாம். அதனால் ‘மொத்தம் எவ்வளவு’ என்ற கேள்வியோடு ‘எந்தப் பணம் எந்த வயதில் கைக்கு வரும்’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் செலவு

பன்னிரண்டு மாதச் செலவை எழுதுங்கள். மூன்று மாதம் எழுதிப் பெருக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். தீபாவளி, தைப்பூசம், பள்ளி திறக்கும் ஜனவரி, கார் சாலை வரியும் காப்புறுதியும், ஆண்டுக்கு இரண்டு தவணை வரும் சுக்காய் பிந்து எனும் வீட்டு மதிப்பீட்டு வரி, அடுக்குமாடியின் பராமரிப்புக் கட்டணம், உறவில் ஒரு கல்யாணம், தமிழ்நாட்டுக்கு ஒரு பயணம் எல்லாம் மூன்று மாதத்துக்குள் வந்துவிடாது. ஆண்டுச் செலவை 12-ஆல் வகுத்து வருவதே உங்கள் உண்மையான மாதச் செலவு. வேலையை விட்டபின் நின்றுபோகும் செலவைக் கழியுங்கள்: பாலத்தின் டோல், வேலைக்குப் போகும் பெட்ரோல், கேன்டீன் சாப்பாடு. புதிதாக வருவதைக் கூட்டுங்கள். அதில் பெரியது மருத்துவக் காப்புறுதி.

கடன் அட்டையில் பாக்கி இருந்தால் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு அதை முடியுங்கள். ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டே 5, 6 விழுக்காடு லாபம் தேடுவதில் பயனில்லை. பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு இந்த அவசரம் வேண்டாம். அதன் கட்டணம் 1 விழுக்காடுதான். தவணை தவறாமல் கட்டி வந்தால் போதும்.

எந்தப் பூட்டு எப்போது திறக்கும்

2024 மே 11 முதல் சேமநிதியில் சேரும் ஒவ்வொரு 100 வெள்ளியும் மூன்றாகப் பிரிகிறது. 75 வெள்ளி பெர்சாரான் கணக்குக்கும், 15 செஜாத்தெரா கணக்குக்கும், 10 ஃபிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. ஃபிளெக்சிபலில் இருந்து எந்த வயதிலும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. செஜாத்தெராவை வீடு, கல்வி, மருத்துவம் போன்ற காரணங்களுக்கு முன்பே தொடலாம். காரணம் எதுவும் சொல்லாமல் எடுக்க 50 வயதாக வேண்டும். பெர்சாரான் 55-இல்தான் திறக்கும். 55-க்குப் பிறகும் வேலை செய்தால், அதற்குப் பின் சேரும் பணம் 60 வரை தனியாகப் பூட்டப்படும்.

இன்னொரு கதவும் உண்டு. சேமிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையை 55-க்கு முன்பே எடுக்கலாம். அந்த வரம்பு நெடுநாள் 10 லட்சமாக இருந்தது. 2026-இல் 11 லட்சம், 2027-இல் 12 லட்சம், 2028-இல் 13 லட்சம் என்று உயர்கிறது. ‘ஒரு மில்லியன் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற பழைய கணக்கை நம்பித் திட்டம் போட்டிருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

தனியார் ஓய்வூதியத் திட்டமான பி.ஆர்.எஸ்.-உம் 55-இல்தான் முழுதாகத் திறக்கும். அதற்கு முன் அதன் பி துணைக்கணக்கில் உள்ள 30 விழுக்காட்டில் இருந்து ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம். ஆனால் எடுப்பதில் 8 விழுக்காடு வரியாகப் பிடிபடும். மருத்துவம், வீடு ஆகியவற்றுக்கு எடுத்தால் இந்தப் பிடித்தம் இல்லை. அமானா சஹாம் மலேசியா எனும் யூனிட் முதலீடு, வங்கி வைப்புத்தொகை, பங்குகள் ஆகியவற்றுக்கு வயதுப் பூட்டே கிடையாது.

சம்பளச் சீட்டைப் படியுங்கள்

5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் உங்கள் பங்கு 11, முதலாளி பங்கு 13 விழுக்காடு. அதைத் தாண்டினால் முதலாளி பங்கு 12 ஆகிவிடும். சம்பளம் 5,000-இல் இருந்து 5,100 ஆனால் முதலாளி கட்டுவது 650-இல் இருந்து சுமார் 612-ஆகக் குறையும். சம்பள உயர்வு பேசும்போது இது நினைவில் இருக்கட்டும். உயர்வு 5,500-ஐ ஒட்டி வந்தால்தான் முதலாளி பங்கு பழைய அளவைக் கடக்கும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியது வேறு. ஓவர்டைமுக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. அடிப்படைச் சம்பளம் 2,500, ஓவர்டைம் 1,200 என்றால் கைக்கு வருவது நன்றாகத் தெரியும், சேமநிதியோ 2,500-க்கு மட்டும்தான் வளரும். இருபது ஆண்டு இப்படி ஓடினால் 3,700 வெள்ளி வாழ்க்கைக்கு 2,500 வெள்ளி ஓய்வு என்றாகிவிடும். ஓவர்டைம் பணத்தில் 24 விழுக்காட்டை, இந்த உதாரணத்தில் மாதம் 288 வெள்ளியை, நீங்களே சேமநிதியில் விருப்பச் சந்தாவாகப் போட்டால் அந்த ஓட்டை அடைபடும். இரண்டு பங்கையும் நீங்களே போடுவது வலிக்கும்தான். முடியாதவர்கள் 11 விழுக்காட்டில், அதாவது 132 வெள்ளியில் தொடங்குங்கள்.

ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டியது. சேமநிதியின் ஐ-அக்காவுன் செயலியில் மாதம் ஒரு முறை பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருப்பார்கள், கணக்கில் வந்திருக்காது. சின்ன நிறுவனங்களில் இது நடக்கிறது. இரண்டாவது மாதமும் வரவில்லை என்றால் சம்பளச் சீட்டுகளோடு சேமநிதிக் கிளைக்குப் போய்ப் புகார் கொடுங்கள். நிறுவனம் மூடியபின் மீட்பது கடினம்.

இலக்குத் தொகை

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். வயது 30, சம்பளம் 6,000, சேமநிதியில் ஏற்கெனவே 60,000. மாதச் சந்தா உங்களுடையது 660, முதலாளியுடையது 720, மொத்தம் 1,380. சேமநிதி, வருமான வரி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 5,100.

லாபம் எவ்வளவு வைத்துக்கொள்வது? சேமநிதியின் வழக்கமான கணக்கு (ஷரியா கணக்கு அல்லாதது) கொடுத்த ஈவு, அதாவது ஆண்டு லாபப் பங்கு, 2020-இல் 5.20, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு. சட்டப்படி உறுதியானது 2.5 மட்டுமே. 5 விழுக்காடு ஈவு, 3 விழுக்காடு விலைவாசி ஏற்றம் என்று வைத்து, மிச்சம் 2 விழுக்காட்டில் கணக்குப் போடுவதே பாதுகாப்பு. இப்படிப் போட்டால் எல்லாத் தொகையும் இன்றைய வெள்ளி மதிப்பில் வரும், குழப்பம் இல்லை. சம்பளமும் விலைவாசியோடு சேர்ந்தே ஏறும் என்று வைத்துக்கொள்கிறோம்.

55 முதல் 85 வரை 30 ஆண்டுக்கு, இந்த 2 விழுக்காட்டுக் கணக்கில், ஆண்டுச் செலவைப் போல 23 மடங்கு வேண்டும்.

மாதச் செலவு 4,000 என்றால் ஆண்டுக்கு 48,000. அதன் 23 மடங்கு சுமார் 11 லட்சம். 55 வயதுவரை 25 ஆண்டில் இவர் சேமநிதி மட்டும் 6.29 லட்சம் ஆகும். பற்றாத 4.75 லட்சத்துக்கு மாதம் 1,236 வெள்ளி கூடுதலாகச் சேர்க்க வேண்டும். செலவு போக மிஞ்சுவதோ 1,100. அதாவது 55 கூடக் கொஞ்சம் இழுபறிதான், 50-ஐப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதே ஆள் மாதம் 3,000-க்குள் வாழ்ந்தால் என்ன ஆகிறது பாருங்கள். 55-க்குப் பிறகு வேண்டியது 8.28 லட்சம். 50-இல் விலகுவதானால் அன்றே அதற்காக 7.5 லட்சம் இருக்க வேண்டும், மீதி ஐந்து ஆண்டில் அது வளர்ந்துகொள்ளும். இடைப்பட்ட ஐந்து ஆண்டுச் செலவு 1.8 லட்சம். மொத்தம் 9.3 லட்சம். 20 ஆண்டுச் சந்தாவில் 4.92 லட்சம் வந்துவிடும். பற்றாததற்கு மாதம் 1,504 வெள்ளி. மிஞ்சுவது 2,100, எனவே எட்டும்.

செலவில் 1,000 வெள்ளி குறைந்தால் ஓய்வு ஐந்து ஆண்டு முன்னால் வந்து நிற்கிறது. செலவு குறைந்தால் சேமிப்பு கூடுகிறது, தேவையான தொகையும் சேர்ந்தே குறைகிறது. இரண்டு பக்கமும் வேலை செய்வதால்தான் இவ்வளவு வேறுபாடு. வருடா வருடம் ஒரு விழுக்காடு கூடுதல் லாபம் தேடி அலைவதைவிட, வாங்கும் வீட்டின் விலையிலும் காரின் தவணையிலும் கட்டுப்பாடு வைப்பது பலமான ஆயுதம். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் இந்தக் கணக்கை இருவருக்கும் சேர்த்தே போடுங்கள். வீடு ஒன்றுதான், செலவு இரட்டிப்பாகாது.

இனி பூட்டைப் பாருங்கள். அந்த 9.3 லட்சம் முழுதும் சேமநிதியிலேயே இருந்து, இடையில் எதையும் எடுக்கவில்லை என்றால், செஜாத்தெராவும் ஃபிளெக்சிபலும் சேர்ந்து 25 விழுக்காடு, அதாவது 2.32 லட்சம். 50-இல் அது கைக்கு வரும். வேண்டிய 1.8 லட்சத்தைவிட அதிகம். ஆகவே 50-இல் விலகுபவருக்குச் சேமநிதி ஒன்றே 50 முதல் 55 வரைக்கான பாலமாகவும் இருக்க முடியும். 45-இல் விலக நினைப்பவருக்கு இது பொருந்தாது. முதல் ஐந்து ஆண்டுக்கு அவருக்குத் திறப்பது ஃபிளெக்சிபலின் 10 விழுக்காடு மட்டும். மீதியை வெளியே, பூட்டில்லாத இடத்தில் வைத்தாக வேண்டும்.

இந்த 25 விழுக்காட்டைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, ஃபிளெக்சிபலை மாதா மாதம் போன் வாங்கவும் விருந்துக்கும் எடுப்பது. இரண்டு, வீட்டுக் கடனைக் குறைக்கச் செஜாத்தெராவை ஒவ்வோர் ஆண்டும் துடைப்பது. இரண்டாவது தவறல்ல. கடனில்லாத வீடு ஓய்வுக்குப் பெரிய பலம். ஆனால் அப்படிச் செய்பவர் பாலத்துப் பணத்தை வேறு இடத்தில் கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார், 50-இல் கணக்கைத் திறந்து பார்த்துத் திகைக்கிறார்.

கூடுதல் பணத்தை எங்கே, எந்த வரிசையில் போடுவது

ஆறு மாதச் செலவு வங்கியிலோ அமானா சஹாம் மலேசியாவிலோ முதலில் இருக்கட்டும். அமானா சஹாம் மலேசியா எல்லா மலேசியர்களுக்கும் திறந்தது. ஒரு யூனிட் எப்போதும் 1 வெள்ளி. சிக்கல் என்னவென்றால் யூனிட் பல நேரம் தீர்ந்துபோயிருக்கும், யாராவது விற்றால்தான் கிடைக்கும். செயலியில் சின்னச் சின்னத் தொகையாக அடிக்கடி முயல வேண்டும். வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 2.5 லட்சம் வரை வைப்புக் காப்புறுதிக் கழகமான பி.ஐ.டி.எம்.-இன் பாதுகாப்பு உண்டு.

அடுத்தது சேமநிதி விருப்பச் சந்தா. ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை போடலாம். ஐ-அக்காவுன் வழியாகவோ வங்கி வழியாகவோ கட்டலாம். போடுவதும் அதே 75, 15, 10 என்றுதான் பிரியும், நேராக ஃபிளெக்சிபலில் போட வழியில்லை.

வரிச் சலுகையில் பலர் தவறுவது இங்கேதான். சேமநிதிக்குக் கழிவு 4,000 வெள்ளி. 6,000 சம்பளக்காரரின் கட்டாயச் சந்தாவே ஆண்டுக்கு 7,920, எனவே அந்த 4,000 தானாக நிரம்பிவிட்டது. ஆயுள் காப்புறுதிக்கென்று தனியாக 3,000 கழிவு இருக்கிறது. ஆயுள் காப்புறுதி இல்லாதவர், அல்லது 3,000-க்குக் குறைவாகக் கட்டுபவர், அந்த இடத்தைச் சேமநிதி விருப்பச் சந்தாவால் நிரப்பலாம். கட்டாயச் சந்தாவின் மிச்சத்தை அங்கே எழுத முடியாது. தனியாகப் போட்ட விருப்பச் சந்தாதான் செல்லும். 3,000-க்கு மேல் போடும் விருப்பச் சந்தாவுக்கு வரிக் கழிவு இல்லை, ஆனாலும் அதன் ஈவுக்கு வரி கிடையாது.

பி.ஆர்.எஸ்.-க்குத் தனியாக 3,000 கழிவு, 2030 மதிப்பீட்டு ஆண்டுவரை. இதில் சேரலாமா என்பது நீங்கள் எந்த வரிப்படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கழிவுகள் எல்லாம் போன வருமானம் 50,000-இல் இருந்து 70,000-க்குள் என்றால் படி 11 விழுக்காடு, 3,000 போட்டால் 330 வெள்ளி மிச்சம். 70,000-க்கு மேல் 19 விழுக்காடு, மிச்சம் 570. ஒரு லட்சத்தைத் தாண்டினால் 25 விழுக்காடு, மிச்சம் 750. மறுபக்கம் கட்டணங்களைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் 3 விழுக்காடு வரை போகலாம், சில இணையத் தளங்களில் அது இல்லை. ஆண்டு நிர்வாகக் கட்டணம் 1.5 விழுக்காடு என்றால், 20 ஆண்டில் சேரவேண்டிய தொகையில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேயே அது தின்றுவிடும். அதனால் 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவர் முதலில் மேலே சொன்ன 3,000 விருப்பச் சந்தாவை முடிக்கட்டும். அதே 330 வெள்ளி மிச்சம், நுழைவுக் கட்டணம் இல்லாமல். 19, 25 படியில் இருப்பவர் இரண்டையும் செய்யலாம். 50 வயதை நெருங்கியவருக்கு பி.ஆர்.எஸ். இன்னும் லாபம், ஏனென்றால் கட்டணம் தின்பதற்கு ஆண்டுகள் குறைவு.

பணம் டிசம்பர் 31-க்குள் நிதியில் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் அனுப்பினால் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும் அபாயம் உண்டு. டிசம்பர் முதல் வாரமே முடித்துவிடுங்கள். வருமான வரிக்கான பி.இ. படிவத்தை இணையத்தில் மே 15-க்குள் அனுப்ப வேண்டும், ரசீதுகள் ஏழு ஆண்டு கையில் இருக்க வேண்டும்.

பிள்ளை உள்ளவர்களுக்கு எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பில் 8,000 வரை கழிவு, 2027 மதிப்பீட்டு ஆண்டுவரை. அந்த ஆண்டில் போட்டதில் எடுத்ததைக் கழித்தே பார்ப்பார்கள். கழிவுக்காக டிசம்பரில் போடுவதற்கு முன் அதே ஆண்டில் எடுத்திருந்தால் அது குறைந்துவிடும்.

சம்பளக்காரர் அல்லாதவர்கள், உதாரணமாக லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர், கிராப் வாடகைக்கார் ஓட்டுநர், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர், சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். 60 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளுக்கு 5,000 வரை. ஆண்டுக்கு 2,500 போட்டால் முழு 500-உம் கிடைக்கும். பதியாமல் வெறும் விருப்பச் சந்தா போட்டால் இந்தப் பணம் வராது.

சீட்டுப் பிடிப்பதை, இங்கே குத்து என்பார்கள், ஓய்வுத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தடை செய்யப்பட்டது. பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசிடம் போவதற்கும் தயங்க வேண்டியிருக்கும்.

விலகுவதற்கு முந்தைய ஆண்டு

கம்பெனி தரும் மருத்துவக் காப்புறுதி அட்டை கடைசி வேலைநாளோடு போய்விடும். சொந்த அட்டையை வேலையில் இருக்கும்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்குங்கள். வாங்கியபின் பொதுவாக 30 நாள் காத்திருப்பு, சில நோய்களுக்கு 120 நாள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாதுகாப்பு கிடைப்பது அரிது. சர்க்கரை என்று எழுதப்பட்டபின் விண்ணப்பித்தால் மறுக்கவும் செய்வார்கள். பிரிமியம் வயதோடு ஏறும், இடையில் நிறுவனம் திருத்தியும் ஏற்றும். எனவே இன்றைய பிரிமியத்தை அப்படியே செலவுக் கணக்கில் எழுதாமல் 60 வயதுக்காரருக்கு அதே அட்டை இன்று என்ன விலை என்று முகவரிடம் கேட்டு அதை எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக் 5 வெள்ளி. பினாங்கு பொது மருத்துவமனையிலும் அப்படித்தான். நாள்பட்ட நோய்க்கு மருந்து வாங்க அங்கே பதிந்துகொள்வது நல்ல திட்டம். அட்டையை அறுவைக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சேமநிதியிலும் பி.ஆர்.எஸ்.-இலும் வாரிசுப் பெயரைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயர் போட்டு அப்படியே விட்டவர்கள் ஏராளம். சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவர் குறிப்பிடும் ஆள் பணத்துக்கு உரிமையாளர் ஆவார். முஸ்லிம் குறிப்பிடும் ஆள் அதை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கடன் ஏதாவது வேண்டுமென்றால், வீட்டை மறுகடனுக்கு மாற்றுவதென்றால், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் முடியுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கி கதவு பாதிதான் திறக்கும்.

எடுக்கும் வரிசை

விலகியபின் முதலில் வங்கி வைப்பு, பிறகு அமானா சஹாம், பிறகு ஃபிளெக்சிபல், 50 ஆனதும் செஜாத்தெரா, கடைசியில் பெர்சாரான். குறைந்த லாபம் தருவதை முதலில் கரைப்பதுதான் இதன் காரணம். எப்போதும் ஓர் ஆண்டுச் செலவு வங்கியில் நிற்கட்டும். வேலை இல்லாவிட்டாலும் சேமநிதிக் கணக்குக்கு ஈவு வந்துகொண்டேதான் இருக்கும்.

55 ஆனதும் ஒரு அழுத்தம் வரும். பிள்ளை கார் கேட்பான், உறவுக்காரர் தொழிலுக்குக் கேட்பார், யாரோ ஒருவர் மாதம் 3 விழுக்காடு தரும் முதலீடு என்பார். மொத்தமாக எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம், மாதாமாதம் வங்கிக்கு வரும்படி ஏற்பாடும் செய்யலாம், மீதிக்கு 100 வயதுவரை ஈவு உண்டு. மேலே போட்ட 3,000 வெள்ளி உதாரணத்தில், 55-ஆம் பிறந்தநாளன்று மாதாந்திர எடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, தொகையை ஆண்டுக்கு ஒரு முறை விலைவாசிக்கு ஏற்ப 3 விழுக்காடு உயர்த்திக்கொண்டால் போதும். ஈவு 4-க்குக் கீழே விழும் ஆண்டில் மட்டும் அந்த உயர்வை நிறுத்திவையுங்கள்.